கோழித் தண்ணீரில் கலக்கும் மருந்தும் ஆஸ்பத்திரியில் மசியாத கிருமியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் கால்நடை மருத்துவர். வேலைக்காலத்தில் பெரும்பகுதி நாமக்கல், பல்லடம் பக்கத்துக் கோழிப் பண்ணைகளில் போயிற்று. கறி விருந்துக்குப் போய் இலையில் உட்கார்ந்தாலும் பக்கத்து இலைக்காரர் குனிந்து, "டாக்டர், இந்தக் கோழியைச் சாப்பிடலாங்களா?" என்று கேட்பார். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்களை இங்கே போட்டிருக்கிறேன்.

கோழிக்கு எதற்கு ஆன்டிபயாட்டிக்?

மூன்று காரியங்களுக்குக் கொடுக்கிறார்கள். மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் பாதிச் சண்டை வருகிறது.

முதலாவது, நோய் வந்த கோழிக்குச் சிகிச்சை. இதில் யாருக்கும் தகராறு இருக்கக் கூடாது. வாயில்லா ஜீவனை நோயில் விட்டுவைப்பது பாவம். இரண்டாவது, கொட்டகையில் பத்துக் கோழி சுணங்கியதும் மீதி எல்லாவற்றுக்கும் சேர்த்துத் தண்ணீரில் கலந்து விடுவது. ஐயாயிரம் கோழியை ஒவ்வொன்றாகப் பிடித்து ஊசி போட முடியாது என்பதால் இதிலும் ஒரு நியாயம் உண்டு. ஆனால் ஒரு கோழிகூடச் சுணங்காதபோதே, எதற்கும் இருக்கட்டும் என்று கொடுக்கிற பழக்கமும் இதற்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. மூன்றாவது, சீக்கிரம் எடை போடட்டும் என்று தீவனத்தில் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ப்பது. என் சண்டை இந்த மூன்றாவதோடும், அந்த 'எதற்கும் இருக்கட்டும்' மருந்தோடும்தான்.

ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டால் எடை எப்படிக் கூடும்?

இது தற்செயலாகத் தெரியவந்த விஷயம். 1940களின் கடைசியில் அமெரிக்காவின் லெடர்லி ஆய்வகத்தில் தாமஸ் ஜூக்ஸ், ராபர்ட் ஸ்டோக்ஸ்டாட் என்ற இருவர் கோழிக்குஞ்சுகளுக்கு வைட்டமின் பி12 எதிலிருந்து மலிவாகக் கிடைக்கும் என்று தேடிக்கொண்டிருந்தார்கள். ஆரியோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கைத் தயாரித்தபின் மிஞ்சிய புளித்த சக்கையைக் குஞ்சுகளுக்குப் போட்டுப் பார்த்தார்கள். வைட்டமினால் வளரக்கூடிய அளவைத் தாண்டி அவை வளர்ந்தன. சக்கையில் ஒட்டியிருந்த மருந்துதான் காரணம் என்பது பிறகு தெரிந்தது. சிகிச்சைக்குத் தேவையானதில் சிறு பங்கு மருந்திலேயே வளர்ச்சி! தீவனக் கம்பெனிகள் விடுமா?

உள்ளே என்ன நடக்கிறது என்பதற்குப் பல விளக்கங்கள் உண்டு. குடல் கிருமிகள் தின்கிற பங்கு குறைகிறது, குடல் சுவர் மெலிந்து சத்து எளிதில் ஏறுகிறது, வெளியே தெரியாத சில்லறை நோய்கள் அடங்குகின்றன என்பார்கள். ஒன்று மட்டும் பண்ணையில் கண்கூடு. சுத்தமான கொட்டகையில் இந்த மருந்தால் பெரிய பலன் இல்லை, அழுக்குக் கொட்டகையில் பலன் அதிகம். அதாவது கொட்டகையைக் கூட்டிப் பெருக்குவதற்குப் பதிலாக மருந்து போகிறது.

அப்படியானால் நாம் சாப்பிடும் கறியில் மருந்து தங்கியிருக்கும், அதுதான் ஆபத்து, இல்லையா?

எல்லாரும் நினைப்பது இதைத்தான். தங்கக்கூடும், தங்கக் கூடாது. அதற்காகத்தான் மருந்து நிறுத்தியதிலிருந்து இத்தனை நாள் கழித்தே விற்க வேண்டும் என்று ஒரு கெடு உண்டு. மருந்து லேபிளில் அந்தக் கெடு குறிக்கப்படாவிட்டால் முட்டைக்கும் பாலுக்கும் குறைந்தது 7 நாள், கறிக்கு 28 நாள் என்று 2012 முதல் இந்திய மருந்து விதி சொல்கிறது.

விதி எழுதுவது சுலபம். கணக்குப் போட்டுப் பாருங்கள். கறிக்கோழியின் ஆயுளே 35 முதல் 42 நாள். 28 நாள் கெடு உள்ள மருந்தை இருபதாம் நாள் கொடுத்தால் அந்த பேட்சை விற்கவே முடியாது. முட்டைக்கோழி கதை இன்னும் மோசம். பத்தாயிரம் கோழி இருக்கும் கொட்டகையில் தினம் ஒன்பதாயிரம் முட்டை என்று வைத்தால், ஏழு நாளில் 63 ஆயிரம் முட்டையைக் கொட்ட வேண்டும். கொட்டுகிறவரை நான் அதிகம் பார்த்ததில்லை.

ஆனால் உங்கள் தட்டில் மிஞ்சியிருக்கும் மருந்து இந்தக் கதையில் சின்னப் பங்குதான். பெரிய பங்கு உயிரோடு நடமாடுகிறது.

பெரிய பங்கு எது?

கிருமி. மருந்துக்குப் பிழைத்துக்கொள்ளப் பழகிய கிருமி.

களைக்கொல்லியைப் பாதி அளவில் தெளித்தால் வயலில் என்ன ஆகும்? மெல்லிய களை கருகும், முரட்டுக் களை நிற்கும். அடுத்த போகத்தில் வயல் முழுக்க முரட்டுக் களையின் பிள்ளைகளாக இருக்கும். கோழியின் குடலிலும் இதே கதைதான். குறைந்த அளவில், நாள் கணக்கில் போகும் மருந்து, மசியக்கூடிய பாக்டீரியாக்களைக் கொன்று மசியாதவற்றுக்கு இடம் விடுகிறது.

களையைவிட பாக்டீரியா கெட்டிக்காரன். ஒரு பாக்டீரியா தான் கற்றுக்கொண்ட தப்பிக்கும் வித்தையைப் பக்கத்தில் இருக்கும் வேறு இனப் பாக்டீரியாவுக்கும் கொடுத்துவிடும். பிளாஸ்மிட் என்ற சின்ன டிஎன்ஏ வளையத்தில் அந்த மரபணு உட்கார்ந்திருக்கும். பரீட்சை ஹாலில் பிட் கைமாறுவதுபோல அது ஒன்றிடமிருந்து இன்னொன்றுக்குப் போகும். ஒரே பிட்டில் நாலைந்து கேள்விக்கு விடை எழுதியிருப்பார்களே, அதேபோல் ஒரே பிளாஸ்மிட்டில் பல மருந்துகளுக்கான எதிர்ப்பு சேர்ந்திருப்பதும் சகஜம். ஒரு மருந்தைக் கொடுத்தாலே மற்ற மருந்துகளுக்கான எதிர்ப்பும் கூடவே வளரும்.

பண்ணையிலிருந்து மனிதனுக்கு அது வருகிறது என்பதற்கு ஆதாரம் உண்டா?

உண்டு, ரொம்பப் பழைய ஆதாரமே உண்டு. 1970களின் நடுவில் ஸ்டூவர்ட் லெவி என்ற அமெரிக்க மருத்துவர் மாசசூசெட்ஸில் ஒரு பண்ணைக் குடும்பத்தைப் பிடித்தார். முந்நூறு கோழிக்குஞ்சுகளில் ஒரு பகுதிக்கு டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் கலந்த தீவனம், மீதிக்குச் சாதாரணத் தீவனம். ஒரு வாரத்துக்குள் மருந்து தின்ற கோழிகளின் குடலில் இருந்த பாக்டீரியா கிட்டத்தட்ட அத்தனையும் டெட்ராசைக்ளினுக்கு மசியாதவை ஆகிவிட்டன. ஆறு மாதத்துக்குள் அந்தக் குடும்பத்தாரின் மலத்திலும் அதே மாதிரி பாக்டீரியா அதிகமாகத் தெரிந்தது. அக்கம்பக்கத்து வீட்டாரிடம் அந்த அளவுக்கு இல்லை. அந்தக் குடும்பத்தில் ஒருவரும் அந்த மருந்தைச் சாப்பிடவில்லை. கோழிக்குக் கொடுத்தது டெட்ராசைக்ளின் மட்டுமே, ஆனால் வந்த கிருமியோ வேறு பல மருந்துகளுக்கும் மசியவில்லை. நல்ல செய்தியும் ஒன்று உண்டு. அந்தத் தீவனத்தை நிறுத்திச் சில மாதங்களில் பெரும்பாலானவர்களிடம் இது அடங்கியது.

கை, காலணி, எரு, ஈ, கழிவுநீர், இறைச்சிக் கடைப் பலகை என்று வழிகள் ஏராளம்.

கொலிஸ்டின் பற்றிச் செய்தியில் வந்ததே, அது என்ன விவகாரம்?

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

கொலிஸ்டின் பழைய மருந்து. 1940களின் கடைசியில் ஜப்பானில் மண் பாக்டீரியா ஒன்றிலிருந்து எடுத்தார்கள். மனிதர்களுக்குக் கொடுத்தபோது சிறுநீரகத்தைப் பதம் பார்த்ததால், வேறு நல்ல மருந்துகள் வந்ததும் டாக்டர்கள் அதை ஓரம் கட்டினார்கள். மனிதனுக்கு வேண்டாமென்ற மருந்து கால்நடைக்குப் போய்ச் சேர்ந்தது. விலை மலிவு, தீவனத்தில் கலந்தால் குடலைத் தாண்டி அதிகம் உடம்பில் ஏறாது. கோழிக்கும் பன்றிக்கும் டன் கணக்கில் போனது.

அதற்குள் ஆஸ்பத்திரி நிலைமை மாறியது. கார்பபீனம் என்ற உயர்தர மருந்துக்கும் மசியாத கிருமிகள் வந்தன. நம் ஊருக்கும் இதில் பங்கு உண்டு. என்டிஎம்-1 என்ற எதிர்ப்பு மரபணு பற்றி 2010இல் வெளியான பெரிய ஆய்வில் சென்னை நோயாளிகளின் மாதிரிகளும் இருந்தன. கார்பபீனமும் கைவிட்ட நோயாளிக்கு ஐசியுவில் என்ன கொடுப்பது? பரணில் போட்டிருந்த கொலிஸ்டினைத் தூசி தட்டி எடுத்தார்கள். சிறுநீரகம் போனாலும் பரவாயில்லை, உயிராவது மிஞ்சட்டும் என்ற நிலைமை.

2015 நவம்பரில் சீனாவிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. கொலிஸ்டினுக்கு எதிர்ப்பு தரும் எம்சிஆர்-1 என்ற மரபணு பிளாஸ்மிட்டில் இருப்பதைக் கண்டுபிடித்திருந்தார்கள். அதுவரை கொலிஸ்டின் எதிர்ப்பு என்பது தாயிடமிருந்து பிள்ளைக்கு மட்டும் போகும் என்று நினைத்திருந்தோம். இப்போது அது பிட்டாகிவிட்டது. அவர்கள் பரிசோதித்த 804 பன்றிகளில் 166இல் அது இருந்தது. கடையில் வாங்கிய 523 கறி மாதிரிகளில் 78இல் இருந்தது. ஆஸ்பத்திரியில் படுத்திருந்த 1,322 பேரில் 16 பேரிடம் இருந்தது. பன்றியில் அதிகம், கறியில் சற்றுக் குறைவு, மனிதனில் மிகக் குறைவு. இந்தப் படிக்கட்டைப் பார்த்தாலே எங்கிருந்து எங்கே இறங்குகிறது என்று தோன்றுகிறதல்லவா?

தீவனத்தில் வளர்ச்சிக்காகக் கொலிஸ்டின் சேர்ப்பதை 2017இல் சீனா தடுத்தது. இந்தியாவில் 2019 ஜூலை 19 அன்று மத்திய சுகாதார அமைச்சகம், உணவுக்காக வளர்க்கும் விலங்கு, கோழி, மீன் வளர்ப்பு, தீவனச் சேர்க்கை எல்லாவற்றிலும் கொலிஸ்டினைத் தடை செய்து அரசிதழில் அறிவித்தது. சிகிச்சைக்குக்கூட இனி கோழிக்குக் கொடுக்கக் கூடாது. என் தொழில் நண்பர்கள் சிலருக்கு அப்போது வருத்தம்தான், குஞ்சுக் கழிச்சலுக்குக் கைகண்ட மருந்து போய்விட்டதே என்று. எனக்கு வருத்தம் இல்லை. குஞ்சுக்கு வேறு வழி இருக்கிறது, ஐசியுவில் படுத்திருப்பவருக்கு வேறு வழி இல்லை.

தடை போட்டால் போதுமா? பலன் தெரிந்ததா?

சீனாவில் தெரிந்தது. தீவனக் கொலிஸ்டின் உற்பத்தி 2015இல் 27 ஆயிரம் டன்னுக்கு மேல் இருந்தது, 2018இல் இரண்டரை ஆயிரம் டன் அளவுக்கு இறங்கியது. பன்றி, கோழி, மனிதர் எல்லாரிடமும் எதிர்ப்பு குறைந்ததைப் பிறகு அளந்து காட்டினார்கள்.

டென்மார்க் கதை இன்னும் சுவாரசியம். அவோபார்சின் என்ற தீவன மருந்து, ஆஸ்பத்திரியில் கொடுக்கும் வான்கோமைசினின் ஒன்றுவிட்ட சகோதரன். 1994இல் அந்த நாட்டில் மனிதர்களுக்குப் போன வான்கோமைசின் 24 கிலோ. விலங்குகளுக்குப் போன அவோபார்சின் 24 ஆயிரம் கிலோ. அடுத்த வருடமே தடுத்தார்கள். கறிக்கோழியில் எதிர்ப்பு மளமளவென்று இறங்கியது, பன்றியில் இறங்கவில்லை. காரணம் தேடினால், பன்றிக்கு டைலோசின் என்ற வேறொரு மருந்து தொடர்ந்து போய்க்கொண்டிருந்தது. இரண்டுக்குமான எதிர்ப்பு ஒரே பிளாஸ்மிட்டில் இருந்ததால் டைலோசின் அதையும் சேர்த்துக் காப்பாற்றியிருக்கிறது. டைலோசினையும் நிறுத்திய பிறகுதான் பன்றியில் குறைந்தது. ஒரு மருந்தைத் தடுத்துவிட்டு வேலை முடிந்தது என்று உட்கார முடியாது.

வளர்ச்சிக்காக ஆன்டிபயாட்டிக் கொடுப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006 தொடக்கத்தில் முழுக்க நிறுத்தியது. டென்மார்க் கோழிக்காரர்கள் அதற்கு முன்பே தாங்களாக நிறுத்தியிருந்தார்கள், அவர்களுக்குப் பெரிய நஷ்டமில்லை. பால் மறந்த பன்றிக்குட்டிகளுக்கு மட்டும் கொஞ்ச காலம் கழிச்சல் கூடியது. அதையும் சொல்லாமல் விடுவது நியாயமில்லை.

கறிக்கோழிக்கு ஹார்மோன் ஊசி போடுகிறார்களாமே?

இல்லை. வாட்ஸ்அப்பில் ஆயிரம் வரும். ஆயிரக்கணக்கான கோழியைத் தினம் பிடித்து ஊசி போட எந்தப் பண்ணையில் ஆள் இருக்கிறது? வளர்ச்சி ஹார்மோன் ஒரு புரதம், தீவனத்தில் கலந்தால் செரித்துப் போகும். நாற்பது நாளில் இரண்டு கிலோ வருவது பல தலைமுறைகளாக இனத் தேர்வு செய்ததாலும் கணக்குப் பார்த்துக் கொடுக்கும் தீவனத்தாலும். இல்லாத ஹார்மோனுக்குப் பயப்படுவதில், இருக்கிற ஆன்டிபயாட்டிக் பேச்சே அடிபட்டுப் போகிறது என்பதுதான் என் ஆதங்கம்.

நாங்கள் சைவம். எங்களுக்குக் கவலை இல்லையே?

உங்கள் கீரை எந்த எருவில் விளைந்தது? ஒரு பேட்ச் கோழி போனதும் கீழே கிடக்கும் கூளம் லாரியில் ஏறித் தோட்டத்துக்குப் போகிறது. நன்றாக மக்கவைத்த எரு என்றால் கிருமி பெருமளவு சாகும். பச்சையாகக் கொட்டினால் அப்படியே மண்ணுக்குப் போகும். பாலும் சைவம்தானே? மடிவீக்கத்துக்கு ஊசி போட்ட மாட்டின் பாலைக் கெடு முடியுமுன் கேனில் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். மருந்து கலந்த பாலில் உறைமோர் விட்டால் சில நேரம் தயிர் உறையாது, மோரில் இருக்கும் பாக்டீரியாவும் செத்துப்போகும். தயிர் உறையாததற்கு வேறு நூறு காரணம் உண்டு, எடுத்த எடுப்பில் பால்காரரோடு சண்டைக்குப் போய்விடாதீர்கள்.

இறால், மீன்?

ஏற்றுமதி இறாலைக் கடுமையாகச் சோதிக்கிறார்கள். இந்தியாவிலிருந்து போகும் வளர்ப்பு இறால் சரக்கில் பாதியைச் சோதித்துத்தான் உள்ளே விடுவது என்று 2016இல் ஐரோப்பா முடிவு செய்தது. தடை செய்த ஆன்டிபயாட்டிக் எச்சம் தெரிந்தால் சரக்கு திரும்பும். அந்தப் பயத்தில் குட்டைக்காரர்கள் ஒழுங்காகவே இருக்கிறார்கள். உள்ளூர்ச் சந்தைக்குப் போவதை அதே கண்ணோடு யாராவது பார்த்தால் நன்றாக இருக்கும்.

நன்றாகச் சமைத்தால் சரியாகிவிடாதா?

கிருமி சாகும், எதிர்ப்பு மரபணு இருக்கும் கிருமியும் சேர்ந்துதான் சாகும். நம் குழம்பு கொதிக்கிற கொதியில் அநேகமாக எதுவும் பிழைக்காது. ஆபத்து சமைப்பதற்கு முன்னால்தான். குழாயை வேகமாகத் திறந்து கறியை அலசும்போது தண்ணீர் சுற்றிலும் தெறிக்கும். பக்கத்தில் நறுக்கி வைத்த வெங்காயமும் வெள்ளரியும் இருக்கும். மஞ்சள் போட்டுக் கழுவியே தீருவேன் என்றால் பாத்திரத்தில் போட்டு மெதுவாகக் கழுவுங்கள். கறி வெட்டிய பலகையில், அரிவாள்மனையில் சாலட் நறுக்காதீர்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

தப்பு விவசாயி மேல்தானே?

முழுக்க அப்படிச் சொல்ல எனக்கு மனம் வராது. பல்லடம் பக்கம் கறிக்கோழி வளர்ப்பு பெரும்பாலும் ஒப்பந்தம். குஞ்சு, தீவனம், மருந்து கம்பெனியுடையது. கொட்டகை, கரண்ட், தண்ணீர், உழைப்பு விவசாயியுடையது. கிலோவுக்கு இத்தனை என்று வளர்ப்புக்கூலி. தீவன மூட்டைக்குள் என்ன கலந்திருக்கிறது என்பது பல நேரம் அவருக்கே தெரியாது. சாவு கூடினால் கூலி குறையும்.

ஒரு தடவை ஒரு பண்ணைக்குப் போயிருந்தேன். மழைக்காலம். வாசலில் நின்றாலே கண் எரிந்தது, அவ்வளவு அம்மோனியா. கூளத்தைக் கையில் அள்ளிப் பிடித்தால் உதிராமல் கொழுக்கட்டை மாதிரி உருண்டு நின்றது. தண்ணீர்க் குழாய் நிப்பிள் வரிசையில் நாலைந்து ஒழுகிக்கொண்டிருந்தன. கோழிகள் தும்மின. "ரெண்டாவது கோர்ஸ் விட்டாச்சுங்க டாக்டர், மூணாவது எதை விடறதுங்க?" என்றார் பண்ணைக்காரர். "நிப்பிளை மாத்துங்க, பக்கத் தார்ப்பாயைத் தூக்கிக் கட்டுங்க, கூளத்தைக் கிளறிச் சுண்ணாம்பு போடுங்க" என்றேன். மருந்துச் சீட்டு எழுதித் தரவில்லை என்று அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. ஃபீஸ் கொடுக்கும்போதும் ஒரு சந்தேகப் பார்வை. நாலாம் நாள் போன் வந்தது, தும்மல் அடங்கிவிட்டதாம். எல்லாப் பண்ணையிலும் இவ்வளவு லேசாக முடியாது. செத்த கோழியை அறுத்துப் பார்த்து, கிருமியை வளர்த்து, எந்த மருந்துக்கு மசியும் என்று பரிசோதித்தபின் கொடுக்க வேண்டிய நோய்களும் உண்டு. அதற்கு இரண்டு மூன்று நாள் ஆகும், அதுவரை பண்ணைக்காரருக்குப் பொறுமை இருக்காது.

மனிதர்கள் விழுங்குவதைவிடவா கோழி அதிகம் விழுங்குகிறது?

2010இல் உலகம் முழுக்க உணவு விலங்குகளுக்குப் போன நுண்ணுயிர்க்கொல்லி மருந்து சுமார் 63 ஆயிரம் டன் என்று ஒரு மதிப்பீடு. சீனா, அமெரிக்கா, பிரேசிலுக்கு அடுத்த வரிசையில் இந்தியா. எடையில் விலங்குப் பக்கம்தான் கனம். அதற்காக மருந்துக் கடையில் சீட்டில்லாமல் சளிக்கு அசித்ரோமைசின் வாங்கும் நம் பழக்கம் ஒன்றும் உத்தமமாகிவிடாது. 2019இல் மட்டும் மருந்துக்கு மசியாத பாக்டீரியாவால் நேரடியாக இறந்தவர்கள் உலகில் 12.7 லட்சம் பேர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அதில் இத்தனை கோழியால், இத்தனை மனிதப் பழக்கத்தால் என்று பிரித்து எழுத முடியாது. கிருமிக்கு இரண்டு ஊரும் ஒன்றுதான்.

வீட்டில் பத்து நாட்டுக்கோழி வைத்திருக்கிறோம். கழிச்சல் வந்தால் டெட்ராசைக்ளின் மாத்திரையைப் பிரித்துச் சோற்றில் பிசைந்து கொடுப்போம். அது தப்பா?

என்னிடம் அதிகம் பேர் கேட்ட கேள்வி இதுதான். வெயில் ஏறும் மாதங்களில் பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, கழுத்தை முறுக்கிக்கொண்டு, ஒன்றன்பின் ஒன்றாகச் சாகிறதே, அது பெரும்பாலும் வெள்ளைக்கழிச்சல், அதாவது ராணிக்கெட். அது வைரஸ். எந்த ஆன்டிபயாட்டிக்கும் அதைத் தொடாது. மாத்திரை கொடுத்துப் பிழைத்தது என்று நீங்கள் நினைக்கும் கோழி தானாகப் பிழைத்தது. போகிற போக்கில் முற்றத்துக் கிருமிக்கு டெட்ராசைக்ளின் பாடம் நடத்தியதுதான் மிச்சம்.

இதற்குத் தடுப்பூசி இருக்கிறது. முதல் வாரத்தில் குஞ்சின் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, எட்டு வாரம் ஆனதும் இறக்கைக்கடியில் ஊசி. ஒவ்வொரு பிப்ரவரியிலும் கால்நடை பராமரிப்புத் துறை இரண்டு வாரம் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்துகிறது, காசில்லை. கோழியை இரவே கூடையில் கவிழ்த்து வையுங்கள். விடிந்து திறந்துவிட்டால் முகாமுக்கு வருகிறவர் முருங்கை மரத்தைச் சுற்றி ஓட வேண்டியிருக்கும்.